மெனு பேச வேண்டும், இடம் மாறக் கூடாது

கேள்வி: மொரிஷியஸின் காட்ர் போர்னிலிருந்து எழுதுகிறேன். எங்கள் கோயில் சங்கத்துக்கு ஒரு சிறிய மென்பொருள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பைத்தான் மொழியில் எழுதியது, திரைகளுக்கு அதோடு வரும் டிகின்டர் என்ற கருவித்தொகுப்பு. உறுப்பினர் சந்தா, அர்ச்சனை ரசீது, தைப்பூசக் காவடிக்குப் பெயர் பதிவு எல்லாம் அதில்தான். மூன்று வருடமாக ஓடுகிறது. இப்போது அலுவலகப் பொறுப்புக்கு வந்திருக்கும் அக்காவுக்குக் கண் பார்வை கிடையாது. வேர்டு, மெயில் எல்லாவற்றையும், திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் என்விடிஏ என்ற மென்பொருளை வைத்துக்கொண்டு எங்களைவிட வேகமாகச் செய்கிறார். என் மென்பொருளைத் திறந்தால் மட்டும் அது ஊமையாகிவிடுகிறது. மெனு பேசுவதற்கு நான் எதைச் சேர்க்க வேண்டும்? அல்லது அவருக்கென்று தனியாக ஒரு 'எளிய திரை' செய்து கொடுத்துவிடலாமா, ஐயா?

பதில்: தம்பி, இரண்டாவது கேள்விக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். வேண்டாம். நானும் பார்வையற்றவன், அலுவலக மென்பொருள்களைச் சோதித்துச் சொல்வதுதான் என் பிழைப்பு. எனக்கென்று அன்போடு செய்து கொடுத்த 'எளிய திரை'கள் பலவற்றைப் பார்த்திருக்கிறேன். இரண்டாம் வருடத்தைத் தாண்டியது ஒன்றுகூட இல்லை. பெரிய திரையில் புதிதாக ஒரு வசதி வரும், எளிய திரைக்கு 'அடுத்த வாரம்' என்பார்கள், அந்த வாரம் வராது. அதோடு, பக்கத்து நாற்காலிக்காரர் "மேலே மூன்றாவது மெனுவைத் திற" என்று சொன்னால் அக்காவின் திரையில் அப்படி ஒன்று இருக்காது. ஒரே அலுவலகத்தில் இரண்டு பேரும் ஒரே மென்பொருளைப் பற்றிப் பேச முடியாமல் போகும்.

இனி உங்கள் முதல் கேள்வி. நீங்கள் எதையும் சேர்க்க வேண்டாம். சேர்த்து வைத்திருப்பதை எடுப்பதுதான் முதல் வேலை.

என்விடிஏ போன்ற திரைவாசிப்பான் திரையைப் பார்ப்பதில்லை. விண்டோஸிடம் கேட்கிறது: இப்போது ஃபோகஸ், அதாவது விசையை அழுத்தினால் அது போய்ச் சேரும் இடம், எதன் மேல் இருக்கிறது? அதன் பெயர் என்ன? அது பொத்தானா, மெனுவா? டிக் அடித்திருக்கிறதா, மங்கலாக இருக்கிறதா? இந்தக் கேள்வி பதிலுக்கென்றே 1997இல் மைக்ரோசாஃப்ட் ஆக்டிவ் ஆக்சஸிபிலிட்டி என்ற வசதி வந்தது. பிறகு விண்டோஸ் விஸ்டா காலத்தில் அதே வேலைக்கு யூஐ ஆட்டோமேஷன் வந்தது. விண்டோஸ் தானே தரும் மெனுவைப் பயன்படுத்தினால் இந்தப் பதில்கள் எல்லாம் தயாராக இருக்கும், நீங்கள் ஒரு வரிகூட எழுத வேண்டாம். நீங்கள் என்ன செய்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன்: கேன்வாஸ் என்ற வெற்று வரைபலகையில் வண்ணப் பெட்டிகள் வரைந்து, மவுஸ் மேலே வந்தால் விரியும்படி வைத்திருப்பீர்கள். அழகாகத்தான் இருக்கும். ஆனால் விண்டோஸுக்கு அது வெறும் படம். படத்துக்குப் பெயர் இல்லை, வேலை இல்லை, நிலை இல்லை. பிறகு என்விடிஏ எதைப் பேசும்?

டிகின்டரில் இன்னொரு சங்கடம். கேன்வாஸை விட்டுச் சாதாரணப் பொத்தானையும் பட்டியலையும் போட்டாலும் அவை திரைவாசிப்பானிடம் தங்களைச் சரியாக அறிமுகப்படுத்திக்கொள்வதில்லை. ஆகவே திரைப் பகுதியை மட்டும் டபிள்யூஎக்ஸ்பைத்தான் என்ற வேறொரு கருவித்தொகுப்புக்கு மாற்றுங்கள். அது விண்டோஸின் சொந்த மெனுவையும் பொத்தானையுமே எடுத்துக்கொள்கிறது. என்விடிஏவின் அமைப்புத் திரைகளே அதில்தான் எழுதப்பட்டிருக்கின்றன. என்விடிஏவை 2006இல் தொடங்கிய மைக்கேல் கரன், பிறகு அவரோடு சேர்ந்து அதை வளர்த்த ஜேம்ஸ் டெஹ் என்ற இரு ஆஸ்திரேலியர்களும் பார்வையற்றவர்கள். தாங்கள் பயன்படுத்த முடியாத கருவியையா தேர்ந்தெடுத்திருப்பார்கள்? கணக்கு, ரசீது, தரவுத்தளம் எதையும் தொட வேண்டாம். முகப்பு மட்டும்தான் மாறும்.

மெனு பேசத் தொடங்கியதும் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதியில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

கண் தெரிந்தவர்கள் மெனுவை ஒவ்வொரு முறையும் பார்க்கிறார்கள். எங்களுக்கு அது விரலில் இருக்கிறது. ஆல்ட், எஃப், கீழ், கீழ், கீழ், எண்டர். இதை நான் யோசித்துச் செய்வதில்லை. குரல் பாதிச் சொல்லைச் சொல்வதற்குள் கை அடுத்த விசைக்குப் போயிருக்கும். ஒரு அலுவலகத்தில் எனக்கு நடந்தது: மேம்படுத்தல் என்ற பெயரில் ஓர் இரவில் மெனுவில் நடுவே ஒரு வரியைச் செருகியிருந்தார்கள். மறுநாள் காலை என் விரல் 'சேமி' என்று நினைத்து அழுத்திய இடத்தில் 'இன்றைய பதிவை நீக்கு' உட்கார்ந்திருந்தது. உறுதி கேட்கும் பெட்டியிலும் 'ஆம்' முதலில் இருந்தது. நான் இன்னொரு எண்டர் போட்டேன். அரை நாள் வேலை போயிற்று.

வரிசையில் என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால் நம் மொரிஷியஸ் ரூபாய் நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். 1998இல் வந்த புதிய நோட்டுகளில் தமிழ் வரி தேவநாகரி வரிக்குக் கீழே இறங்கியது. அதே எழுத்து, அதே தொகை. இடம் மட்டும்தான் மாறியது. எத்தனை எதிர்ப்பு! கடைசியில் அவற்றைத் திரும்பப் பெற்று, 1999இல் பழைய வரிசையிலேயே நோட்டு வெளியிட்டார்கள். மெனு வரிசை மாறினால் ஊர்வலம் போக மாட்டோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

எனவே புதிய வரியை நடுவில் செருகாதீர்கள். அந்தந்தக் குழுவின் முடிவில் சேருங்கள். மெனுவின் கடைசி வரியிலும் கவனம் வேண்டும். விண்டோஸ் மெனுவில் முதல் வரியில் நின்று மேல் அம்புக்குறியை அழுத்தினால் கடைசி வரிக்குப் போய்விடும். அதனால் கடைசி வரியும் எங்களுக்கு ஒரு விசைத் தூரம்தான். கோப்பு மெனுவில் அங்கே 'வெளியேறு' இருக்கட்டும், உலகமே அப்படித்தான் பழகியிருக்கிறது. 'ஆண்டுக் கணக்கை அழி' போன்றதை அங்கே வைக்காதீர்கள். அழிக்கும் கட்டளை எதுவானாலும், உறுதி கேட்கும் பெட்டியில் 'இல்லை' என்பதே முன்னிருப்பாக, அதாவது வெறும் எண்டருக்குக் கிடைக்கும் பதிலாக, இருக்க வேண்டும்.

சந்தா கட்டாத உறுப்பினர் மேல் நிற்கும்போது 'ரசீது' வரியை மறைத்துவிடலாம் என்று தோன்றும். மறைக்காதீர்கள், மங்கலாக்குங்கள். மங்கலான வரியிலும் அம்புக்குறி நிற்கும்; அது இப்போது கிடைக்காது என்று என்விடிஏ சொல்லிவிடும். அக்காவுக்குக் காரணம் புரியும், எண்ணிக்கையும் மாறாது. மறைத்தால், கணினி கெட்டதா, தான் தவறான மெனுவில் இருக்கிறோமா என்று தேடிக்கொண்டிருப்பார். பெரியவர்களும் இந்தத் தவறைச் செய்தவர்கள்தான். ஆஃபீஸ் 2000இல் அதிகம் தொடாத கட்டளைகளைத் தானாக மறைத்துக்கொள்ளும் மெனு வந்தது. நேற்று ஐந்தாவதாக இருந்தது இன்று மூன்றாவதாக இருக்கும். அந்தக் கெட்டிக்காரத்தனம் 2007இல் மெனுவோடு சேர்ந்தே போய்ச் சேர்ந்தது. அதன் இடத்துக்கு வந்த ரிப்பன் என்ற பொத்தான் பட்டை வேறு கதை, அதை இங்கே இழுக்கவில்லை.

அடுத்தது எழுத்து விசை. மெனுப் பெயரில் எந்த எழுத்துக்கு முன் & குறி போடுகிறீர்களோ அந்த எழுத்தே அதன் சாவி. ஒரே மெனுவில் ரிசீட், ரிப்போர்ட், ரினியூவல் மூன்றுக்கும் 'ஆர்' கொடுத்தால், அந்த விசை எதையும் திறக்காது, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கும். பிரெஞ்சில் எழுதினாலும் இந்த மூன்றும் 'ஆர்'தான், தப்பிக்க முடியாது. ஒவ்வொன்றுக்கும் வேறு எழுத்து கொடுங்கள். பெயருக்குப் பின் ஒரு டேப் போட்டு கண்ட்ரோல், எஸ் என்று எழுதினால் அந்த ஷார்ட்கட் மெனுவிலும் வரும், வேலையும் செய்யும். என்விடிஏ அதையும் வாசித்துக் காட்டும். பாடம் சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டாம். எஃப்1 உதவி, எஃப்10 மெனுப்பட்டை என்பவை ஐபிஎம் 1987இல் வகுத்த விதிகளிலிருந்து வருபவை. அவற்றுக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள்.

மொழி விஷயம் நம் ஊரில் தனித் தலைவலி. அக்காவின் என்விடிஏ எந்தக் குரலில் பேசுகிறது என்று முதலில் கேளுங்கள். பிரெஞ்சுக் குரல் ஆங்கில மெனுவை வாசித்தால் 'ஃபைல்' என்பது 'ஃபீல்' ஆகும். 'சேவ்' என்பதைச் 'சாவ்' என்று அழுத்திச் சொல்லும். ரசீது போடும் நேரத்தில் தமிழ்க் காதுக்கு அது நல்ல சகுனமாக இருக்காது. தமிழ் எழுத்தைக் கண்டால் பல குரல்கள் வாயே திறக்காது. மெனுவில் 'இந்த வரி இன்ன மொழி' என்று குறித்துச் சொல்ல வசதி இல்லாததால், ஒரே மெனுவில் மூன்று மொழியைக் கலக்காதீர்கள். அமைப்புகளில் ஒரு மொழியைத் தேர்ந்துகொள்ளட்டும், முழு மெனுவும் அந்த மொழியில் வரட்டும். தமிழைத் தேர்ந்தால் விண்டோஸில் 'வள்ளுவர்' என்ற தமிழ்க் குரலை நிறுவிக்கொள்ளலாம். என்விடிஏவோடு வரும் ஈஸ்பீக் என்ற குரல் கருவியிலும் தமிழ் உண்டு.

மொழி மாறினாலும் கண்ட்ரோல் ஷார்ட்கட்டுகள் மாறக் கூடாது. ஆங்கில வேர்டில் தடித்த எழுத்துக்குக் கண்ட்ரோல், பி. பிரெஞ்சு வேர்டில் கண்ட்ரோல், ஜி. வீட்டில் ஒன்று, அலுவலகத்தில் மற்றொன்று என்று அவதிப்படுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். தமிழ் மெனுவுக்கு எழுத்து விசையாக ரோமன் எழுத்தை அடைப்புக்குறியில் போடுவது வழக்கம். ஆனால் தமிழ் விசைப்பலகை இயங்கும் நேரத்தில் அது திறக்காமல் போகலாம், சோதித்துப் பாருங்கள்.

பெயர் வைப்பதில் தமிழுக்கு ஒரு கொடுப்பினை இருக்கிறது. ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் 'அச்சிடு' என்ற சொல் முதலில் வந்துவிடும். ஐந்து வரியிலும் 'பிரிண்ட், பிரிண்ட்' என்று கேட்டு, ஒவ்வொன்றிலும் இரண்டாம் சொல்லுக்காகக் காத்திருக்க வேண்டும். தமிழில் வினை கடைசியில் வருகிறது: ரசீது அச்சிடு, அறிக்கை அச்சிடு, காவடிப் பட்டியல் அச்சிடு. முதல் அசையிலேயே எது என்று தெரிந்துவிடும், அடுத்ததற்குப் போய்விடலாம். ஆங்கில மெனு வைத்தால் 'அச்சிடு' என்று ஒரு துணைமெனு திறந்து, உள்ளே பெயர்களை மட்டும் வையுங்கள். பெயருக்கு முன் குட்டி ஈமோஜிகளை ஒட்டியிருந்தால் எடுத்துவிடுங்கள், அவற்றையும் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி வாசிக்கும்.

வலது கிளிக் மெனு இருக்கிறதா? அதை வலது பொத்தான் நிகழ்வோடு கட்டாதீர்கள். டபிள்யூஎக்ஸ்பைத்தானில் காண்டெக்ஸ்ட் மெனு நிகழ்வு என்று தனியே உண்டு, அது மவுஸுக்கும் கீபோர்டுக்கும் பொது. கீபோர்டில் மெனு விசையும் இருக்கும், ஷிஃப்ட் எஃப்10ம் இருக்கும். 2024 முதல் வரும் சில மடிக்கணினிகளில் மெனு விசையின் இடத்தை, மைக்ரோசாஃப்டின் ஏஐ உதவியாளரைத் திறக்கும் கோபைலட் விசை பிடித்துக்கொண்டதால் ஷிஃப்ட் எஃப்10 இன்னும் முக்கியம். கீபோர்டால் திறக்கும்போது மெனு, தேர்ந்திருக்கும் வரிக்குப் பக்கத்தில் வரட்டும். மவுஸ் எங்கோ கிடக்கும், அங்கே போய்த் திறக்க வேண்டாம்.

எஸ்கேப் அடித்தாலும், வேலை முடிந்தாலும், ஃபோகஸ் புறப்பட்ட இடத்துக்கே திரும்ப வேண்டும். 217ஆவது உறுப்பினருக்கு ரசீது போட்டு முடித்ததும் பட்டியல் மறுபடி முதல் பெயரில் நின்றால், அக்கா திரும்பவும் தேட வேண்டும். நாள் ஒன்றுக்கு எத்தனை ரசீது என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

சோதிக்கச் செலவில்லை. என்விடிஏ இலவசம். உங்கள் கணினியில் நிறுவி, மவுஸைக் கழற்றி, திரையை அணைத்துவிட்டு ஒரு புதிய உறுப்பினரைச் சேர்த்து ரசீது வரை போய்ப் பாருங்கள். குரலின் வேகம் பிடிபடவில்லை என்றால் என்விடிஏவின் கருவிகள் மெனுவில் பேச்சுக் காட்டி இருக்கிறது, பேசுவதை எழுத்தில் காட்டும். பிறகு அக்காவைக் கூப்பிடுங்கள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, அவர் எங்கே நிற்கிறார் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். "அங்கே போங்க அக்கா" என்று ஒரு வார்த்தை வாயிலிருந்து வந்தால் அந்த இடத்தில் உங்கள் மெனு தோற்றுவிட்டது என்று பொருள்.

ஒன்று மட்டும்: காவடிப் பதிவு தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்னால் முடித்துக் கொடுங்கள். முடியாவிட்டால் தைப்பூசம் கழியட்டும். கூட்டம் வரிசையில் நிற்கும் வாரத்தில் எந்த மெனுவையும் தொடாதீர்கள்.