கிராமத்து ஆலயத்தில் சர்ச் வார்டன் பொறுப்பு: ஏற்கலாமா?

கேள்வி: திருநெல்வேலிப் பக்கம் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் வளர்ந்தவள் நான். இப்போது இங்கிலாந்தில், நார்ஃபோக்கில் ஒரு கிராமத்தில் குடும்பத்தோடு இருக்கிறேன். நர்ஸ் வேலை, சில ஞாயிறுகளில் டியூட்டி வரும். ஒன்றரை வருடமாக ஊர் ஆலயத்துக்குப் போகிறோம். பதினைந்து பேர் வந்தாலே கூட்டம்தான். மாதத்தில் இரண்டு ஞாயிறு மட்டுமே ஆராதனை. ஐயர் (போதகர்) ஐந்து ஊர்களைப் பார்க்கிறார். போன வாரம் அவர், "மே மாதக் கூட்டத்தில் உங்களை சர்ச் வார்டனாக நிறுத்தட்டுமா?" என்று கேட்டார். அது நம்மூர் சேகரக் கமிட்டி (பல ஊர்ச் சபைகளின் நிர்வாகக் குழு) மாதிரியா, கோயில்பிள்ளை (ஆலயப் பணியாள்) வேலையா என்றுகூடப் புரியவில்லை. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் நான் அந்தப் பொறுப்பில் இருக்கலாமா? ஏற்கட்டுமா, வேண்டாம் என்று சொல்லட்டுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

இருக்கலாம். ஏற்கவும் செய்யலாம், உங்களோடு இன்னொரு வார்டன் இருந்தால் மட்டும். வார்டன் என்பவர் ஆலயத்தையும் அதன் பொருட்களையும் ஆராதனை ஏற்பாட்டையும் பார்த்துக்கொள்ள, ஊரார் தெரிந்தெடுக்கும் பொறுப்பாளர். ஒரு சபைக்கு இரண்டு வார்டன்கள் என்பதுதான் முறை. ஆனால் கிராமங்களில் ஓர் இடம் வருடக்கணக்கில் காலியாகக் கிடப்பது சகஜம். ஷிப்ட் வேலை பார்க்கும் ஒருவர் தனி வார்டனாக மாட்டிக்கொண்டால், கொஞ்ச காலத்தில் ஆலயத்துக்குப் போவதே பாரமாகிவிடும். ஆகவே ரெக்டரிடம் (உங்கள் ஐயரை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இன்னொருவர் யார்?"

தகுதியைப் பற்றிக் கவலை வேண்டாம். ஞானஸ்நானம் பெற்றிருக்க வேண்டும், 21 வயது நிரம்பியிருக்க வேண்டும், எலெக்டோரல் ரோல் என்கிற சபைப் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும், கடந்த 12 மாதத்தில் குறைந்தது மூன்று தடவை நற்கருணை எடுத்திருக்க வேண்டும். குடியுரிமையை யாரும் கேட்க மாட்டார்கள். 1947 செப்டம்பர் 27ல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிடேரியன், காங்கிரிகேஷனல் சபைகள் சேர்ந்து உருவான தென்னிந்தியத் திருச்சபை, இங்கிலாந்துத் திருச்சபையோடு நற்கருணை ஐக்கியம் உள்ள சபை. லீவில் ஊருக்குப் போனபோது நீங்கள் எடுத்த நற்கருணையும் அந்த மூன்றில் சேரும். பட்டியலில் பெயர் இல்லையென்றால் உடனே விண்ணப்பம் வாங்கி எழுதிக் கொடுங்கள். வருடாந்தரக் கூட்டத்துக்கு முன் பட்டியலைத் திருத்தி முடித்துவிடுவார்கள்; அந்தத் தேதியைத் தவறவிட்டால் கூட்டம் முடியும்வரை சேர்க்க மாட்டார்கள்.

வார்டனைத் தெரிந்தெடுக்கும் கூட்டம் மே 31க்குள் நடக்க வேண்டும். அங்கே ஓட்டு சபையாருக்கு மட்டுமல்ல, அந்த பாரிஷில், அதாவது ஆலயத்தின் எல்லைக்குள், குடியிருந்து உள்ளாட்சி வாக்காளர் பட்டியலில் உள்ள யாருக்கும் உண்டு. ஆலயப் படி மிதிக்காத உங்கள் பக்கத்து வீட்டுக்காரரும் வந்து கை தூக்கலாம். உங்கள் பெயரை ஒருவர் எழுத்தில் முன்மொழிய, இன்னொருவர் வழிமொழிய, நீங்கள் சம்மதக் கையெழுத்துப் போட்டு, கூட்டம் தொடங்குமுன் தாளைக் கொடுத்துவிட வேண்டும். தெரிந்தெடுத்த அன்றே நீங்கள் வார்டன் ஆகிவிடுவதில்லை. பேராயர் அல்லது அவர் சார்பில் ஆர்ச்டீக்கன் (பேராயருக்கு உதவியாக நிர்வாகம் பார்க்கும் மூத்த குரு) நடத்தும் ஆராதனையில் உறுதிமொழி எடுத்த பிறகே பொறுப்பு தொடங்கும். ஆகஸ்ட் 31க்குள் எடுக்காவிட்டால் இடம் காலி என்று ஆகிவிடும். அந்தத் தேதியை இப்போதே கேட்டு, டியூட்டியை மாற்றி வையுங்கள்.

கமிட்டியா, கோயில்பிள்ளையா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும்தான், அதற்கு மேல் சட்டப் பொறுப்பும் உண்டு. நற்கருணைப் பாத்திரம், வேதப்புத்தகம், நாற்காலி என்று ஆலயத்தில் அசையக்கூடிய பொருள் எல்லாம் சட்டப்படி வார்டன்களின் பெயரில் இருக்கின்றன, சபையாருக்காக. அவற்றுக்கு ஒரு சொத்துப் பட்டியலும், கட்டடத்தில் செய்த வேலைக்கு ஒரு குறிப்பேடும் வைத்திருக்க வேண்டும். பொறுப்பேற்குமுன் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பழைய வார்டனோடு ஒவ்வொரு பொருளாகப் பார்த்துச் சரிபாருங்கள். வெள்ளிப் பாத்திரம் ஒன்று வங்கியிலோ பேராலயத்திலோ இருக்கிறது என்று சொன்னால் ரசீதைக் கேளுங்கள். கட்டடத்தைப் பழுதுபார்ப்பது பி.சி.சி. என்ற சபைக் கமிட்டியின் கடமை. நீங்கள் அதில் தானாகவே உறுப்பினர் ஆவீர்கள். ஊரில் பாரிஷ் கவுன்சில் என்று ஒன்று இருக்கும். அது 1894 சட்டத்தால் வந்த ஊராட்சி, ஆலயத்துக்குச் சம்பந்தமில்லாதது. கடிதம் மாறிப் போவது வழக்கம்.

ஞாயிறு வேலை உங்களுக்குச் சுலபமாக வரும். பத்து ஊர் சேர்ந்த சேகரத்தில், ஐயர் முறை வைத்துத் திருவிருந்துக்கு வர, மற்ற ஞாயிறுகளில் சபை ஊழியர் ஆராதனை நடத்துவதைப் பார்த்து வளர்ந்தவர் நீங்கள். இங்கிலாந்துக் கிராமங்கள் இன்று அந்த நிலைக்கு வந்திருக்கின்றன. ஒவ்வோர் ஆலயத்திலும் ஞாயிறுதோறும் ஆராதனை நடக்க வேண்டும் என்ற விதியை 2019ல் தளர்த்திவிட்டார்கள். உங்கள் ஊரில் மாதம் இரண்டு ஞாயிறு என்பது அதன்படிதான்.

ஆராதனைக்கு முக்கால் மணி நேரம் முன்பு போய்க் கதவைத் திறங்கள். முதலில் மோப்பம் பிடித்துப் பாருங்கள்: ஈர வாசனை, எரிவாயு, எலி எதுவானாலும் மூக்குக்குத்தான் முதலில் தெரியும். பிறகு விளக்கு, மெழுகுவர்த்தி, பாட்டு எண் பலகை. எந்தப் புத்தகம் என்பதை முந்தின நாளே கேட்டுக்கொள்ளுங்கள். காலை 8 மணி ஆராதனை 1662 ஜெபப் புத்தகப்படி இருந்தால் பெரும்பாலும் பாட்டே இருக்காது, முக்கால் மணிக்குள் முடியும், ஆளுக்கொரு மூலையில் உட்காருவார்கள். அவர்கள் பேசாமல் போனால் கோபம் என்று நினைக்காதீர்கள்; அந்த அமைதிக்காகவே அந்த ஆராதனைக்கு வருகிறவர்கள் அவர்கள். பத்து மணி ஆராதனையில் காமன் வொர்ஷிப் என்ற இக்கால ஆராதனை முறையின் தாள் கொடுப்பீர்கள். அதில் சமாதானம் சொல்லிக் கைகுலுக்குவதும் உண்டு, முடிந்ததும் காபியும் உண்டு.

நற்கருணைக்குத் தலை எண்ணிக்கை முக்கியம். காணிக்கைப் பாட்டுக்குமுன் எத்தனை பேர் எடுப்பார்கள் என்று எண்ணி ரெக்டரிடம் சொல்ல வேண்டும். ஆசீர்வதித்த அப்பமும் ரசமும் மிஞ்சினால் வெளியே கொண்டுபோகக் கூடாது, அங்கேயே உட்கொண்டு முடிக்க வேண்டும். கூடுதலாக வைத்தால் அவர் காலை வேளையில் ரசத்தைக் குடித்துத் தீர்த்துவிட்டு அடுத்த ஊருக்குக் கார் ஓட்டிப் போக வேண்டியிருக்கும்! ரசம் புளித்த திராட்சரசமாகவே இருக்க வேண்டும் என்பது சட்டம். மது தொடாதவர் அப்பம் மட்டும் வாங்கினாலும் அது முழு நற்கருணையே. குளூட்டன் இல்லாத அப்பத்தைத் தனித் தட்டில் வையுங்கள். முடிந்ததும் ஆராதனைப் பதிவேட்டில் தேதி, நேரம், வந்தவர்கள், எடுத்தவர்கள், காணிக்கை எல்லாம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அக்டோபர் மாத எண்ணிக்கையை மறைமாவட்டத்துக்கு அனுப்ப வேண்டும் என்பதால் அந்த மாதம் கூடுதல் கவனம்.

பனி பெய்து ரெக்டர் வர முடியாத ஞாயிறு ஒன்று நிச்சயம் வரும். அப்போது காலை ஜெபத்தை நீங்களே நடத்தலாம்; அதற்கான ஒப்புதலை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பாவமன்னிப்பு உரைப்பது மட்டும் குருவுக்கே உரியது. 1662 புத்தகமானால் அந்த இடத்தில் திரித்துவத்துக்குப் பின்வரும் 21ஆம் ஞாயிற்றின் சுருக்க ஜெபத்தைச் சொல்வது வழக்கம். காமன் வொர்ஷிப்பில் "உங்களை" என்பதை "எங்களை" என்று மாற்றிச் சொன்னால் போதும்.

உண்மையான பாரம் கட்டடம். நார்ஃபோக்கில் மட்டும் 650க்கு மேற்பட்ட இடைக்கால ஆலயங்கள் இருக்கின்றன. சிக்கிமுக்கிக் கல்லைச் சுண்ணாம்புக் காரையில் பதித்துக் கட்டியவை. சிலவற்றுக்கு வட்டக் கோபுரமும் உண்டு. இவற்றுக்கு வரும் கேடு பெரும்பாலும் தண்ணீரால் வருவது. இலையும் புறாக் கூடும் இறங்கு குழாயின் வாயை அடைத்தால், தண்ணீர் சுவர்மேல் வழிந்து உள்ளே இறங்கும். உத்தரத்தின் நுனி சுவருக்குள் இருக்கும் இடத்தில் மரம் மக்கும். வெளியே தெரியும்போது செலவு பல ஆயிரம் பவுண்டு. இலையுதிர்வு முடிந்ததும் ஒரு முறை, வசந்தத்தில் ஒரு முறை கூரை வாய்க்காலைச் சுத்தம் செய்ய ஆள் ஏற்பாடு செய்யுங்கள். நீங்கள் ஏணி ஏற வேண்டாம். கனமழையில் குடை பிடித்து ஆலயத்தைச் சுற்றி ஒரு நடை நடந்து, எந்த மூலையில் தண்ணீர் கொட்டுகிறது என்று படம் எடுங்கள். வெயில் நாளில் அந்தப் பழுது கண்ணுக்குத் தெரியாது. வெடிப்பை யாராவது அன்போடு சிமெண்ட் வைத்துப் பூச வந்தால் தடுத்துவிடுங்கள். சுண்ணாம்புக் காரை ஈரத்தை வெளியே விடும், சிமெண்ட் உள்ளேயே அடைத்து வைக்கும்.

ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை கட்டடக்கலைஞரோ சர்வேயரோ வந்து எழுதும் ஆய்வறிக்கை ஒன்று இருக்கும். 1955 முதல் இது சட்டம். சம்மதம் சொல்லுமுன் அந்த அறிக்கையின் கடைசிப் பக்கங்களைக் கட்டாயம் படியுங்கள். "உடனடி" என்ற தலைப்பின்கீழ் என்ன இருக்கிறது, அதில் எவ்வளவு முடிந்தது, மிச்சத்துக்குப் பணம் எங்கே? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாத சபையில் பொறுப்பேற்றால் உங்கள் நேரம் முழுவதும் நிதி திரட்டுவதில் போகும்.

நம்மூரில் மின்விசிறி இறக்கையிலும் பெஞ்சு முதுகிலும் உபயதாரர் பெயர் எழுதுவோம். இங்கே சுவரில் ஒரு சின்னப் பெயர்ப்பலகை மாட்டவும் ஃபேகல்ட்டி என்ற திருச்சபை நீதிமன்ற அனுமதி வேண்டும். பெஞ்சை எடுப்பது, நினைவுப் பரிசாக வந்த புதிய மேசையை உள்ளே வைப்பது எல்லாமே கேட்டுச் செய்ய வேண்டியவை. சிறு வேலைகளில் ஏ பட்டியலில் உள்ளவற்றுக்கு அனுமதி வேண்டாம். பி பட்டியலுக்கு ஆர்ச்டீக்கனின் எழுத்து போதும். வௌவால் இருந்தால் இன்னும் எச்சரிக்கை: அதன் உறைவிடத்தைக் கலைப்பது குற்றம், ஆலயமே ஆனாலும். பீடத்தின்மேல் துணி போட்டு மூடி, ஆராதனைக்கு முன் பெருக்கி எடுப்பதுதான் அன்றாட வழி. குளிருக்குக் கையில் தூக்கி வைக்கும் எரிவாயு அடுப்பு வேண்டாம். அது விடும் நீராவி சுவரில் வியர்த்து ஓவியத்தையும் ஆர்கனையும் கெடுக்கும். செருப்பைக் கழற்றும் நம் பழக்கத்தையும் அந்தக் கல்தரைமேல் ஜனவரியில் விட்டுவிடலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

கல்லறைத் தோட்டம் திறந்ததா மூடியதா என்று கேளுங்கள். அரசாணையால் மூடப்பட்டு, பராமரிப்பும் முறைப்படி மாற்றப்பட்டிருந்தால் புல் வெட்டுவது உள்ளாட்சியின் செலவு. திறந்திருந்தால் உங்கள் சபையின் செலவு.

பணத்துக்குத் தனிப் பொருளாளர் இருப்பார். காணிக்கையை உறவினர் அல்லாத இருவர் சேர்ந்து எண்ணிக் கையெழுத்திட வேண்டும் என்பதில் மட்டும் நீங்கள் விட்டுக்கொடுக்காதீர்கள். வரி கட்டுகிறவர் கிஃப்ட் எய்டு தாளில் கையெழுத்திட்டால் ஒரு பவுண்டுக்கு 25 பென்ஸ் அரசு சேர்த்துத் தரும். பெயரில்லாமல் தட்டில் விழும் 30 பவுண்டு வரையிலான சில்லறைக் காணிக்கைக்கும், ஆண்டுக்கு 8,000 பவுண்டு மொத்தம்வரை, இதே 25 சதவீதம் கேட்டு வாங்கலாம். பல சின்னச் சபைகள் கேட்காமலே விட்டுவிடுகின்றன.

உங்கள் கை ஓங்கும் இடம் அறுப்பின் பண்டிகை. இப்போதுள்ள வடிவத்தில் அதைத் தொடங்கிவைத்தவர் கார்ன்வாலில் மார்வென்ஸ்டோ ஊரின் குரு ஹாக்கர், 1843ல். நம்மூர்போலக் காய்கறி ஏலம் இங்கே எல்லா ஊரிலும் இருக்காது. படைப்பது பெரும்பாலும் உணவு வங்கிக்குப் போகும், அவர்களுக்கு வேண்டியது டின்னில் அடைத்த உணவு. அன்று மாலை ஊர் மண்டபத்தில் நடக்கும் விருந்தில் நம் அசனச் சோற்றுக்கு (சபையார் சேர்ந்து உண்ணும் பொது விருந்துச் சோறு) இடம் கேட்டுப் பாருங்கள். காரம் குறைத்து, ஒவ்வாமைப் பொருட்களை அட்டையில் எழுதி, டிக்கெட் முன்கூட்டி விற்று ஆள் கணக்குத் தெரிந்த பிறகு அரிசி ஊற வையுங்கள்.

இன்னொரு கேள்வியையும் ரெக்டரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: ஓய்வு எப்போது, மாற்றல் உண்டா? அவர் போய்விட்டால், புதியவர் வரும்வரை ஆராதனைகளைத் தொடர்ந்து நடத்திவைக்கும் பொறுப்பு ரூரல் டீனோடு (சுற்றுவட்டாரச் சபைகளை மேற்பார்க்கும் குரு) சேர்ந்து வார்டன்களின் தலையில் விழும். ஐந்து ஊர் சேர்ந்த இடத்துக்கு ஆள் கிடைக்க ஒரு வருடம் போவதும் உண்டு. குழந்தைகள் பாதுகாப்புப் பயிற்சியும் குற்றப்பின்னணிச் சோதனையும் எடுக்கச் சொல்வார்கள்; நர்ஸ் என்பதால் ஏற்கெனவே ஒன்று இருந்தாலும் இங்கே புதிதாக எடுக்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது வார்டன் கிடைக்காவிட்டால், இந்த வருடம் துணை வார்டனாக இருக்கிறேன், மாதம் ஒரு ஞாயிறு கதவு திறந்து ஆராதனைக்கு ஆயத்தம் செய்கிறேன் என்று சொல்லுங்கள். கிடைத்தால், நீங்கள் வர முடியாத ஞாயிறுகளை எழுதி அவரிடம் இப்போதே கொடுத்துவிட்டுத் தாளில் கையெழுத்துப் போடுங்கள். பொறுப்பு ஒரு வருடத்துக்கே. இடையில் முடியாமல் போனாலும், பேராயருக்கு எழுத்தில் தெரிவித்தால் இரண்டு மாதத்தில் விடுவிக்கப்படுவீர்கள்.