தாத்தாவின் ரிவால்வரைத் தேய்த்துவிடாதீர்கள்

கேள்வி: இரண்டாம் உலகப் போரில் பர்மா முனையில் பணியாற்றிய என் தாத்தா 1945-இல் ஊர் திரும்பியபோது ஒரு ரிவால்வரைக் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். பின்னர் அதற்கு என் தந்தை பெயரில் லைசென்ஸ் இருந்தது. அவர் சென்ற மாதம் காலமானார். இரும்புப் பெட்டியைத் திறந்து பார்த்தபோது, அதன் வலப்பக்கத்தில் ஒரு கிரீடம், ‘என்ஃபீல்டு’ என்ற பெயர், ‘நம்பர் 2 மார்க் 1’ என்ற எழுத்தையடுத்து ஒரு நட்சத்திரம், 1941 என்ற ஆண்டு ஆகியன தெரிந்தன. சுத்தியலின் கொம்பு உடைந்துபோயிருக்கிறது. ஆயுத பூஜைக்குத் துலக்கி வைக்கலாமா? இத்தகைய ராணுவ ரிவால்வர்களைத் தொடர்ந்து சேகரிக்கவும் விரும்புகிறேன். (மன்னார்குடி அருகிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: துலக்க வேண்டாம். கும்பகோணம் பக்கத்து வீடு ஒன்றில், பித்தளைக் குத்துவிளக்கைத் துலக்குவதுபோலப் புளியும் செங்கல் பொடியும் இட்டு ஆண்டுதோறும் தேய்க்கப்பட்ட, பிரிட்டிஷ் தயாரிப்பான ஒரு வெப்லி ரிவால்வரைப் பார்த்தேன்; வெள்ளியாய் மின்னிய அதன் உடலில் ஒரு முத்திரைகூட மிஞ்சவில்லை. அந்த இழப்பு இன்றும் என்னை வருத்துகிறது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு, துப்பாக்கியில் பொறிக்கப்பட்ட பெயர், எண், அடையாளக் குறி ஆகியவற்றை அழிப்பதையும் மாற்றுவதையும் தடை செய்கிறது என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். சந்தனமும் குங்குமமும் வைப்பதும் நல்லதன்று. நம் டெல்டாவின் ஐப்பசி ஈரத்தில் அந்தப் பூச்சு நீரைப் பிடித்துவைத்து, பொறிப்பின் பள்ளத்திலேயே துருவை வளர்க்கும்.

அதைவிட அவசரமானது ஒன்று உண்டு. தந்தையின் லைசென்ஸ் உங்களுக்குத் தானாக வந்து சேராது. சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி, துப்பாக்கியைத் தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற ஆயுத விற்பனையாளரிடமோ ஒப்படைத்து ரசீது பெறுங்கள். பிறகு சட்டப்படியான வாரிசு என்ற முறையில் உங்கள் பெயருக்கு லைசென்ஸ் கேட்டு விண்ணப்பிக்கலாம். எடுத்துச் செல்லும் முன் காவல் நிலையத்தில் தகவல் சொல்லி, அவர்கள் கூறும் முறைப்படி நடந்துகொள்ளுங்கள். தோட்டா இல்லை என்ற நம்பிக்கையில் விசையில் விரல் வைக்கவே கூடாது.

காரணம், நீங்கள் உடைந்ததாக நினைக்கும் அந்தக் கொம்பு, அதாவது சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னிழுக்க உதவும் நீட்சி, உடையவில்லை. முதல் உலகப் போர்க் காலத்து .455 அங்குலக் குழல் விட்டமுள்ள வெப்லி மார்க் 6-க்கு மாற்றாக, 1932-இல் .38 விட்டத்தில் ஏற்கப்பட்டது என்ஃபீல்டு நம்பர் 2 மார்க் 1. டாங்கிக்குள் ஏறி இறங்கும் வீரர்களின் சுத்தியல் கொம்பு எதிலாவது மாட்டிக்கொள்ளும் என்பதால், அந்தக் கொம்பு இல்லாமலே 1938-இல் வந்த வடிவத்தைத்தான் உங்கள் நட்சத்திரக் குறி காட்டுகிறது. அதில் சுத்தியலைக் கையால் பின்னிழுத்து நிறுத்த முடியாது. விசையை அழுத்தினாலே சுத்தியல் எழுந்து விழுந்து சுட்டுவிடும்.

‘என்ஃபீல்டு’ என்பது லண்டனுக்கு வடக்கே இருந்த அரசு ஆயுதத் தொழிற்சாலை. இதே மாதிரியை கிளாஸ்கோவின் ஆல்பியன் மோட்டார்ஸும் போர்க்காலத்தில் செய்தது. அவற்றில் ‘ஆல்பியன்’ என்றே இருக்கும். சில பாகங்களில் தென்படும் ‘எஸ்எஸ்எம்’ என்ற எழுத்துகள் சிங்கர் தையல் இயந்திர நிறுவனத்துக்குரியவை. குழல், சிலிண்டர், உடல் ஆகிய மூன்றிலும் ஒரே வரிசை எண் இருந்தால், பாகம் மாறாத துப்பாக்கி என்று கொள்ளலாம்.

இனி, ஈரமண்ணில் பதிந்த கோழிக்காலைப் போல மூன்று கோடுகள் கூடும் சிறிய அம்புக்குறியைத் தேடுங்கள். அது பிரிட்டிஷ் அரசின் உடைமை என்பதற்கான முத்திரை. அம்புக்குறிக்குக் கீழே ஆங்கில ‘ஐ’ இருந்தால் இந்திய அரசுக்கு உரியதாக இருந்தது என்று பொருள். இரண்டு அம்புகள் நுனியோடு நுனி தொட்டு நின்றால், ராணுவம் அதைப் பணியிலிருந்து நீக்கி விற்றுவிட்டது என்று பொருள். உங்கள் குடும்பக் கதைக்கு இந்தக் குறியைவிட நல்ல சாட்சி இல்லை. மாறாக, கிரீடத்தின் கீழ் ‘பிஎன்பி’ என்ற எழுத்துகள் தெரிந்தால், அது பர்மிங்காம் துப்பாக்கிச் சோதனைச் சாலை 1954 முதல் இட்டுவரும் முத்திரை ஆதலால், 1945-இல் தாத்தாவோடு வந்த துப்பாக்கி அதுவாக இருக்க முடியாது. இவற்றை, ஒப்படைக்கும் இடத்தில் அனுமதி பெற்று, டார்ச் ஒளியைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் படமெடுங்கள். நேர் ஒளியில் மறையும் பொறிப்பு சாய்ந்த ஒளியில் நிழலோடு எழுந்து நிற்கும்.

சேகரிப்பு பற்றி: 2019 திருத்தத்துக்குப் பின் ஒருவர் பொதுவாக இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது, சில குழல் விட்டங்களுக்கு மத்திய அரசின் அனுமதியும் தேவை. பழம்பொருள் என்ற விலக்கு, பழுதுபார்த்தும் சுட முடியாதவற்றுக்கே பொருந்தும். உங்களுடையது அந்த வகையில் சேரும் என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். எனவே, தாத்தாவின் பணிப் பதிவேடு, பழைய லைசென்ஸ் புத்தகங்கள், 1937 மாதிரி கித்தான் உறை, சீருடைப் படங்கள் ஆகியவற்றைச் சேகரியுங்கள் என்பதே என் ஆலோசனை. அந்தப் பழைய லைசென்ஸ் புத்தகத்தில் உள்ள வரிசை எண்ணை, படமெடுத்தவுடன் துப்பாக்கியின் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வாரிசு விண்ணப்பத்துக்கும் அது தேவைப்படலாம்.