விளம்பரத்தில் வராத பால்வினை நோய்

பால்வினை நோய்களை டி.வி. விளம்பரங்கள் எப்படிக் காட்டுகின்றன என்று போன இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு, அரசு மருத்துவமனையின் பால்வினை நோய்ப் பிரிவில் பல வருடம் பணியாற்றிய நம் டாக்டர் பதில் சொல்கிறார். எழுதியவர்களின் பெயர்களை விட்டுவிட்டோம்.

கேள்வி: டாக்டர், நான் காலேஜ் படித்த காலத்தில் டி.வி.யைப் போட்டாலும் பஸ் ஸ்டாண்டுக்குப் போனாலும் ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’தான். இப்போது அந்த மாதிரி எதுவுமே கண்ணில் படுவதில்லையே, நோய் ஒழிந்துவிட்டதா?
- வாசகர், தூத்துக்குடி

பதில்: குறைந்திருக்கிறது, ஒழியவில்லை. இந்தியாவில் இன்றும் சுமார் 25 லட்சம் பேர் எய்ட்ஸை உண்டாக்கும் எச்.ஐ.வி. கிருமியோடு வாழ்கிறார்கள்.

புள்ளிராஜா வந்தது 2003 வாக்கில். அதற்குக் கொஞ்சம் முன்னால் மும்பையில் பல்பீர் பாஷா என்ற கற்பனை ஆளை வைத்து இதே கேள்வியைக் கேட்டிருந்தார்கள். எனக்கு அந்த விளம்பரங்கள் மேல் மரியாதை உண்டு. 1986இல் டாக்டர் சுனிதி சாலமனின் குழு இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றை சென்னையில்தான் கண்டுபிடித்தது, ஆனால் அதற்குப் பிறகும் வெகுகாலம் வீட்டுக்குள் எய்ட்ஸ் என்ற வார்த்தையைச் சொல்லவே எல்லாரும் கூசினார்கள். அதை டீக்கடைப் பேச்சாக்கியது சின்ன வேலை இல்லை.

ஆனால் பாருங்கள், உங்களுக்கு இத்தனை வருடம் கழித்தும் நினைவில் நிற்பது கேள்வி மட்டும்தான். எங்கே போய் டெஸ்ட் எடுப்பது, வந்தால் என்ன செய்வது என்ற பதில் யார் மனதிலும் தங்கவில்லை. 2004 ஏப்ரல் 1 முதல் எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம், முதலில் தொடங்கிய சில இடங்களில் நம் தாம்பரமும் ஒன்று. அந்த மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி டெஸ்ட்டில் தெரியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவு மூலம் அது இன்னொருவருக்குப் பரவாது. ஒரு நோயாளியின் வாழ்க்கையையே மாற்றக்கூடிய செய்தி இது. புள்ளிராஜா அளவுக்கு இதை யாராவது ஊரெல்லாம் சொல்லியிருக்க வேண்டாமா?

கேள்வி: விளம்பரங்களில் இந்த நோய் எப்போதும் லாரி டிரைவருக்கும் ‘அந்த மாதிரி’ப் பெண்களுக்கும்தான் வருகிறது. எனக்கு இரண்டாவது பிரசவத்துக்கு முன் எடுத்த ரத்தப் பரிசோதனையில் சிபிலிஸ் என்று வந்தது. கணவரைத் தவிர எனக்கு யாரும் கிடையாது. மாமியார் என்னைத்தான் சந்தேகமாகப் பார்க்கிறார். குழந்தைக்கு என்ன ஆகுமோ என்று தூக்கமே இல்லை.
- வாசகி, கரூர் பக்கம்

பதில்: அம்மா, முதலில் குழந்தை விஷயம். பென்சாதைன் பென்சிலின் என்ற ஊசி இருக்கிறது, பழைய மருந்து, விலை குறைவு, அரசு மருத்துவமனையில் காசே இல்லை. டாக்டர் சொல்கிற கணக்கில் தவறாமல் போட்டுக்கொண்டால் உங்களுக்கும் குணமாகும், வயிற்றில் இருக்கும் குழந்தைக்கும் பாதுகாப்பு. எவ்வளவு சீக்கிரம் போடுகிறீர்களோ அவ்வளவு நல்லது, அதனால் நாளைக்கே போங்கள். பிறந்த பிறகு குழந்தைக்கும் பரிசோதனை செய்வார்கள். உங்கள் கணவரும் வந்து டெஸ்ட் எடுத்து ஊசி போட்டுக்கொண்டே ஆக வேண்டும், இல்லையென்றால் உங்களுக்குத் திரும்ப வரும். இரண்டு பேருக்கும் சிகிச்சை முடிந்துவிட்டது என்று டாக்டர் சொல்லும் வரை உடலுறவு வேண்டாம்.

சிபிலிஸ் புண் பெரும்பாலும் வலிக்காது. சில வாரத்தில் தானாகவே ஆறியும் போய்விடும், ஆனால் கிருமி உள்ளேயே இருக்கும். உங்கள் கணவருக்கு அது கல்யாணத்துக்கு முன்பே வந்து, அவருக்கே தெரியாமல் இருந்திருக்கலாம். அல்லது தெரிந்தும் இருக்கலாம், அதை நான் இங்கிருந்து சொல்ல முடியாது. யாரிடமிருந்து வந்தது என்று ரத்தப் பரிசோதனையும் சொல்லாது. உங்களுக்குத்தான் முதலில் டெஸ்ட் எடுத்தார்கள் என்பதற்காக உங்களிடமிருந்துதான் தொடங்கியது என்று ஆகிவிடாது. கர்ப்பிணிகள் எல்லாருக்கும் இந்தப் பரிசோதனை உண்டு, ஆண்களுக்கு அப்படி இல்லை. இதை உங்கள் மாமியாருக்குப் படித்துக் காட்டுங்கள்.

விளம்பரங்களைப் பற்றி நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. மும்பை விளம்பரத்தில் பல்பீர் பாஷா மஞ்சுளா என்ற ஒரே பெண்ணிடம்தான் போகிறான், ஆனால் அவளிடம் வேறு ஆண்களும் போகிறார்கள், அதனால் அவனுக்கு ஆபத்து என்று கதை போகும். ஆபத்து மஞ்சுளாவுக்கும்தானே, அவளுக்கு அதைக் கொடுத்தது யார்? அப்போதே பெண்கள் அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன. உலகம் முழுக்க இதே கதைதான். 1987இல் ஆஸ்திரேலியாவில் ஒரு டி.வி. விளம்பரம் வந்தது: எமன் மாதிரி ஒரு உருவம் பெரிய பந்தை உருட்டிவிட, வரிசையாக நிற்கும் ஆண், பெண், குழந்தைகள் எல்லாரும் சரிந்து விழுவார்கள். யாருக்கும் வரலாம் என்று சொல்லத்தான் அதை எடுத்தார்கள். ஆனால் ஜனங்கள் பலர் அந்த எமனையே ஓரினச் சேர்க்கையாளர்களாக எடுத்துக்கொண்டார்கள், ஏற்கெனவே நோயோடு போராடிக்கொண்டிருந்தவர்கள் மேல் வெறுப்பும் சேர்ந்து விழுந்தது. அதே வருடம் பிரிட்டனில் கல்லறைக் கல்லைக் காட்டிப் பயமுறுத்தினார்கள்.

பயமுறுத்தினால் நோயின் பெயர் பரவும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எங்கள் ஓ.பி.யில் நான் பார்த்தது, அந்தப் பயத்தினாலேயே ஆறு மாதம், ஒரு வருடம் தள்ளிப்போட்டு, முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தவர்களை. இன்னார்தான் நோயாளி என்று டி.வி.யில் ஒரு முகத்தைக் காட்டிவிட்டால், மற்ற எல்லாரும் ‘நமக்கு இல்லை’ என்று இருந்துவிடுகிறார்கள். உங்களைப் போன்ற குடும்பப் பெண்கள் எந்த விளம்பரத்திலும் இல்லை என்பதுதான் எனக்குத் தீராத கோபம்.

கேள்வி: ராத்திரி டி.வி.யில் ஒரு வைத்தியர் வெட்டை, மேகநோய் எல்லாவற்றையும் ஒரே பொடியில் குணமாக்குவதாகச் சொல்கிறார். எனக்கு ஒரு வாரமாக சீழ் வடிகிறது, எரிச்சல். ஆஸ்பத்திரிக்குப் போக வெட்கமாக இருக்கிறது. அந்தப் பொடியை வாங்கலாமா?
- 24 வயது, கோவை மாவட்டம்

பதில்: வாங்காதீர்கள், தம்பி. சீழ் தானாக நின்றாலும் நோய் போய்விட்டதென்று அர்த்தம் இல்லை. அந்தப் பொடியை நம்பி நாளைக் கடத்தினால் விதைப்பைக்கு ஏறும், உங்கள் துணைக்கும் போகும்.

பால்வினை நோயைக் குணப்படுத்துகிறேன் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதே சட்டப்படி குற்றம். 1954ஆம் வருடத்துச் சட்டம் அது, முதல் தடவை பிடிபட்டால் ஆறு மாதம் வரை சிறை உண்டு. ஆனாலும் ‘இளமையில் செய்த தவறு’ என்று ஆரம்பித்து இப்படிப்பட்டவர்கள் மணிக்கணக்கில் பேசுகிறார்கள், சேனல்கள் காசு வாங்கிக்கொண்டு ஒளிபரப்புகின்றன. உங்கள் வெட்கம்தான் அவர்களுக்கு வியாபாரம்.

மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குப் போய் ‘சுகவாழ்வு மையம்’ எங்கே என்று கேளுங்கள், பால்வினை நோய் என்ற வார்த்தையையே சொல்ல வேண்டாம். சீழுக்கு உரிய மாத்திரைகள் ஒரே பாக்கெட்டாக அங்கே கிடைக்கும், துணைக்கும் சேர்த்துத் தருவார்கள். எச்.ஐ.வி. டெஸ்ட்டும் எடுத்துவிடுங்கள். யாரிடமாவது முதலில் பேசிப் பார்க்க வேண்டுமென்றால் 1097க்கு போன் செய்யுங்கள், கட்டணம் இல்லை.

கேள்வி: இங்கே அமெரிக்க டி.வி.யில் ஹெர்பிஸ் மாத்திரைக்கு விளம்பரம் பார்த்திருக்கிறேன், ஜோடியாகச் சிரித்துக்கொண்டு ஏதோ சுற்றுலா விளம்பரம் மாதிரி. இது நம் ஊரைவிடத் தேவலையா?
- வாசகி, நியூ ஜெர்சி

பதில்: ஒரு விஷயத்தில் தேவலை. ஹெர்பிஸ் என்பது பிறப்புறுப்பில் கொப்புளம் வரவைக்கும் பால்வினை நோய். அதற்கான வால்ட்ரெக்ஸ் மாத்திரையின் விளம்பரம் ஒன்றில் ஒருவர் ‘எனக்கு ஹெர்பிஸ் இருக்கிறது’ என்பார், பக்கத்தில் இருப்பவர் ‘எனக்கு இல்லை’ என்பார், இரண்டு பேரும் சேர்ந்து சந்தோஷமாக வாழ்வார்கள். நோயுள்ளவரைக் குற்றவாளியாக்காமல் காட்டிய விளம்பரம் என்று அதை நான் பாராட்டுவேன்.

ஆனால் அது மருந்து விற்கிற விளம்பரம் என்பதை மறக்காதீர்கள். டாக்டர் எழுதித்தர வேண்டிய மருந்தை நேரடியாக ஜனங்களிடம் விளம்பரம் செய்ய அனுமதிக்கும் நாடுகள் மிகக் குறைவு, அமெரிக்காவிலும் 1997இல் விதியைத் தளர்த்திய பிறகுதான் டி.வி.யில் இவை பெருகின. அந்த ஹெர்பிஸ் மாத்திரையைத் தினமும் சாப்பிட்டால் துணைக்குத் தொற்றும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகக் குறையும், அவ்வளவுதான். அதனால் ஆணுறையும் வேண்டும், கொப்புளம் இருக்கும் நாட்களில் விலகி இருக்கவும் வேண்டும். அப்புறம், விலை அதிகமான மாத்திரை இருக்கிற நோய்க்குத்தான் விளம்பரம் வரும். கிளமிடியா என்ற பால்வினை நோய் பெண்களில் பெரும்பாலோருக்கு அறிகுறியே காட்டாமல் கருக்குழாயைக் கெடுக்கும், ஆனால் சாதாரண மாத்திரையில் குணமாகிவிடும், அதற்குப் பிரைம் டைமில் விளம்பரம் போட எந்தக் கம்பெனிக்கு என்ன லாபம்?

கேள்வி: பிள்ளைகளோடு டி.வி. பார்க்கும்போது காண்டம் விளம்பரம் வந்தால் சேனலை மாற்ற வேண்டியிருக்கிறது. மொத்தமாகத் தடை செய்தால் என்ன?
- வாசகர், விழுப்புரம்

பதில்: 2017 டிசம்பரில் மத்திய அரசு, காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை இவை வேண்டாம் என்று சேனல்களுக்குச் சொன்னது. பிறகு, ஆபாசமாக இல்லாத, பாதுகாப்பைச் சொல்லும் விளம்பரங்களுக்கு அது பொருந்தாது என்று விளக்கமும் வந்தது. உங்கள் சங்கடம் எனக்குப் புரிகிறது, பல கம்பெனிகள் வாசனையையும் படுக்கையறையையும் காட்டுகின்றனவே தவிர நோய்த் தடுப்பைப் பற்றி வாயே திறப்பதில்லை. அதற்காகத் தடை கேட்காதீர்கள், பால்வினை நோய்க்கு எதிராக நம்மிடம் இருக்கும் மலிவான கவசம் காண்டம்தான். பையன் ‘அது என்னப்பா’ என்று கேட்டால், ‘பெரியவர்கள் நோய் வராமல் இருக்கவும் குழந்தை இப்போது வேண்டாம் என்றாலும் பயன்படுத்துவது’ என்று சொல்லுங்கள். மேலே கேட்டால், வயசுக்குத் தகுந்த மாதிரி அதற்கும் பதில் சொல்லுங்கள்.