ஹதீஸ் ஆய்வின் தரவு: எதைப் பகிர்வது, எதைப் பகிராமல் இருப்பது?

கேள்வி: ஒரு ஹதீஸின் (நபிமொழியின்) அறிவிப்புத் தொடர்களையும், அதாவது யாரிடமிருந்து யார் கேட்டுச் சொன்னார் என்ற வரிசைகளையும், வாசக வேறுபாடுகளையும் ஒப்பிட்டு நான் எழுதிய கட்டுரையை ஓர் ஆய்விதழ் ஏற்றுக்கொண்டுள்ளது. ஆனால் தரவைப் பொதுக் களஞ்சியம் ஒன்றில் வைத்து, தரவு எங்கே கிடைக்கும் என்ற அறிக்கையையும் சேர்க்க வேண்டும் என்கிறார்கள். என்னிடம் இருப்பவை ஓர் எக்செல் அட்டவணை, ஷாமிலா மின்நூலகத்திலிருந்து எடுத்த நூல்கள், ஒரு நூலகம் அனுப்பிய கையெழுத்துப் பிரதிப் படங்கள், ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) சிலருடன் நடத்திய நேர்காணல்களின் ஒலிப்பதிவுகள். ‘நம் துறையில் நூல்தான் உண்டு, தரவு என்று எதுவும் கிடையாது’ என்கிறார் என் நெறியாளர். நான் எதைக் கொடுக்க வேண்டும்?

பதில்: உங்கள் நெறியாளர் சொல்வதில் பாதி உண்மை உண்டு. புகாரியின் ஹதீஸ் தொகுப்போ தபரியின் வரலாற்று நூலோ நீங்கள் உருவாக்கியவை அல்ல. அவற்றை நீங்கள் மறுபடி பதிவேற்ற வேண்டும் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அந்த நூல்களிலிருந்து எந்த அறிவிப்புகளை எடுத்தீர்கள், எவற்றை விட்டீர்கள், வெறும் பெயரோடு வரும் ஓர் அறிவிப்பாளரை இன்னார் என்று எப்படி முடிவு செய்தீர்கள் என்பவை முழுக்க உங்கள் உழைப்பு. இதழ் கேட்பது இந்த உழைப்பின் பதிவைத்தான்.

மீள்செய்தன்மை, அதாவது ஓர் ஆய்வை இன்னொருவர் மறுபடி செய்து பார்க்க முடிவது, என்றதும் ஆய்வுக்கூடம்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்கள் 2019இல் வெளியிட்ட அறிக்கை இதில் இரண்டைப் பிரித்துக் காட்டியது: அதே தரவையும் அதே வழிமுறையையும் கொண்டு அதே முடிவைப் பெறுவது ஒன்று; புதிதாகத் தரவு திரட்டி அதே கேள்விக்கு ஒத்த விடையை எட்டுவது மற்றொன்று. உங்களுக்கு வேண்டியது முதலாவது, அதுவும் ஓர் எல்லைக்குள். உங்கள் பொருள்விளக்கத்தை வாசகர் ஏற்க வேண்டியதில்லை. உங்கள் அட்டவணையை அவரே மறுபடி உருவாக்கி, எந்த வரியில் உங்களிடமிருந்து பிரிகிறார் என்று விரல் வைத்துக் காட்ட முடிந்தால் போதும். ஹரால்ட் மோட்ஸ்கியும் கிரெகோர் ஷோலரும் வளர்த்தெடுத்த, இஸ்னாதையும் (அறிவிப்புத் தொடர்) மத்னையும் (ஹதீஸின் வாசகம்) சேர்த்து ஆராயும் முறைக்கு இது மிகவும் அவசியம். ஏனென்றால் அறிவிப்புத் தொடர்கள் பலவும் வந்து சேரும் பொது அறிவிப்பாளர் யார் என்பது, நீங்கள் எத்தனை நூல்களிலிருந்து எத்தனை தொடர்களைத் திரட்டினீர்கள் என்பதைப் பொறுத்தது; ஒரு தொகுப்பை விட்டுவிட்டால் அந்த இடத்தில் வேறொருவர் வந்து நிற்கக்கூடும்.

எல்லோரும் அறிந்த ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ‘செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தவையே’ என்ற ஹதீஸ் ஸஹீஹ் புகாரியில் 1, 54, 2529, 3898, 5070, 6689, 6953 ஆகிய ஏழு எண்களில் வருகிறது. ஸஹீஹ் முஸ்லிம் என்ற மற்றொரு தொகுப்பிலோ, முஹம்மது ஃபுஆத் அப்துல் பாக்கீயின் எண்முறைப்படி, பல தொடர்களும் 1907 என்ற ஒரே எண்ணின் கீழ் அடங்கிவிடுகின்றன. உங்கள் அட்டவணையில் ‘புகாரி 7, முஸ்லிம் 1’ என்று கூட்டினால் அது பதிப்பாசிரியரின் எண்ணிடும் பழக்கத்தைக் கணக்கிட்டதாகத்தான் ஆகும். எனவே ஒரு வரி என்பது ஒரு ஹதீஸ் எண்ணா, ஓர் அறிவிப்புத் தொடரா என்பதை அட்டவணையோடு வைக்கும் விளக்கக் கோப்பின் முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள். தொடர் என்பதே சரியான அலகு என்பது என் கருத்து.

இதே ஹதீஸில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. முதல் எண்ணில் ஹுமைதீ ‘சுஃப்யான்’ வழியாக அறிவிக்கிறார். 2529இல் முஹம்மது இப்னு கஸீரும் ‘சுஃப்யான்’ வழியாகவே அறிவிக்கிறார். இரண்டு தொடர்களிலும் சுஃப்யானுக்கு மேலே இருப்பவர் யஹ்யா இப்னு ஸயீத்தான். ஆனால் முதல் எண்ணில் வரும் சுஃப்யான், ஹிஜ்ரி 198இல் இறந்த சுஃப்யான் இப்னு உயைனா. 2529இல் வருபவர் ஹிஜ்ரி 161இல் இறந்த சுஃப்யான் ஸவ்ரீ. அட்டவணையில் ‘சுஃப்யான்’ என்று மட்டும் எழுதி வரைபட மென்பொருளிடம் கொடுத்தால், அது இரண்டு மனிதர்களை ஒருவராக்கி, இல்லாத ஒரு சந்திப்புப் புள்ளியை உருவாக்கிவிடும். ஆகவே ஒவ்வொரு அறிவிப்பாளருக்கும் அட்டவணையில் மூன்று பத்திகள் (நெடுவரிசைகள்) வேண்டும்: மூலத்தில் உள்ளபடி பெயர், நீங்கள் அடையாளம் கண்ட ஆள், எந்த ஆதாரத்தின்படி அப்படி முடிவு செய்தீர்கள் என்ற குறிப்பு. அந்த மூன்றாவது பத்தியை நிரப்புவதுதான் அலுப்பான வேலை. மற்ற ஆய்வாளர் உங்கள் கோப்பைத் திறப்பதும் பெரும்பாலும் அதற்காகவே இருக்கும்.

தேடல் முறையையும் எழுதி வையுங்கள். மேலே சொன்ன ஹதீஸை ‘நிய்யாத்’ (எண்ணங்கள்) என்ற பன்மையில் தேடினால் பரவலான அச்சுகளில் முதல் எண் கிடைக்கும். மற்ற இடங்களில் ‘நிய்யத்’ என ஒருமையாக வருவதால் அவை தப்பிவிடும். 5070இல் ‘அஃமால்’ (செயல்கள்) என்பதும் ‘அமல்’ என ஒருமையாகிவிடுகிறது. எந்தச் சொற்களை, எந்தெந்த நூல்களில், எந்த நாளில் தேடினீர்கள், வந்தவற்றில் எவற்றை ஏன் விலக்கினீர்கள் என்ற பட்டியல் அட்டவணை அளவுக்கே மதிப்புள்ளது. எழுத்துகளின் கணினிக் குறியீட்டிலும் கண்ணுக்குத் தெரியாத கண்ணிகள் உண்டு. அரபு ‘யா’வும் பாரசீக ‘யே’யும் சொல்லின் நடுவில் ஒரே உருவம்தான், யூனிகோடில் அவை வெவ்வேறு எழுத்துகள். ஷத்துக்குப் (எழுத்தை இரட்டிக்கும் குறி) பிறகு ஃபத்ஹா (அகரக் குறி) என்று தட்டச்சு செய்ததை யூனிகோடின் சீராக்க முறை ஃபத்ஹாவை முன்னால் வைத்து மாற்றிவிடும். உயிர்க்குறிகளை நீக்கினீர்களா, ஹம்ஸாவின் வடிவங்களை ஒன்றாக்கினீர்களா என்று ஒரு வரி எழுதினால், அதே தேடலில் வேறு எண்ணிக்கை பெற்றவர் குழம்ப மாட்டார்.

‘ஷாமிலாவில் உள்ளது’ என்பது மேற்கோள் ஆகாது. அங்குள்ள ஒவ்வொரு நூலும் ஏதோ ஓர் அச்சுப் பதிப்பிலிருந்து வந்தது. சிலவற்றின் பக்க எண்கள் அச்சோடு ஒத்துப்போகும், சிலவற்றில் போகாது. பதிப்பாசிரியர், பதிப்பகம், ஆண்டு ஆகியவற்றைக் குறித்து, உங்கள் வாதம் சார்ந்து நிற்கும் இடங்களையாவது அச்சுப் பிரதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இனிவரும் ஆய்வுக்கு ஓபன்ஐடிஐ தொகுப்பைப் பரிந்துரைக்கிறேன். அது முற்கால அரபு, பாரசீக நூல்களை இயந்திரம் படிக்கும் வடிவில் திரட்டி, பதிப்பு எண்ணிட்டு ஜெனோடோ களஞ்சியத்தில் வெளியிடுகிறது. ஒவ்வொரு நூலின் அடையாளமும் ஆசிரியர் இறந்த ஹிஜ்ரி ஆண்டில் தொடங்குவதால், தபரியின் நூல்கள் 0310 என்று ஆரம்பிக்கும். எந்த வெளியீட்டைப் பயன்படுத்தினீர்கள் என்று சொன்னால், பல ஆண்டுகள் கழித்தும் ஒருவர் அதே எழுத்துகளை எடுக்கலாம். குர்ஆன் வசன எண்களுக்கும் இதே கவனம் தேவை: பழைய ஐரோப்பிய ஆய்வுகள் பல 1834இல் வெளியான ஃப்ளூகல் பதிப்பின் எண்களைப் பின்பற்றுகின்றன, அவை இன்று பரவலாக உள்ள 1924 கெய்ரோ பதிப்பின் எண்களோடு பல இடங்களில் ஒத்துவருவதில்லை. ஆண்டுகளை ஹிஜ்ரியில் உள்ளபடியே வைத்து, மாற்றிய ஆண்டைத் தனிப் பத்தியில் கொடுங்கள். ஒரு ஹிஜ்ரி ஆண்டு பெரும்பாலும் இரண்டு கிறிஸ்தவ ஆண்டுகளில் விழும்.

கையெழுத்துப் பிரதிப் படங்களை நூலகத்தின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் பதிவேற்றாதீர்கள். படிப்பதற்குக் கொடுத்தார்கள் என்பது பரப்புவதற்கான உரிமை அல்ல. படங்களுக்குப் பதிலாக நூலகத்தின் அடுக்கு எண், தாள் எண், தாளின் முன்பக்கமா பின்பக்கமா என்ற குறிப்பு, நீங்களே எழுத்துப் பெயர்த்த பகுதி ஆகியவற்றைக் கொடுக்கலாம். தாள்களுக்குப் பழைய எண்ணும் புதிய எண்ணும் இருந்தால் எதைப் பின்பற்றினீர்கள் என்று சொல்லுங்கள். அச்சுப் பதிப்புகளிலும் இதே பாகுபாடு உண்டு: நூற்றாண்டுகளுக்கு முந்தைய மூலநூல் எவருக்கும் சொந்தமில்லை, இன்றைய பதிப்பாசிரியரின் முன்னுரைக்கும் அடிக்குறிப்புகளுக்கும் உரிமையாளர் உண்டு. வரிக்கு வரி சிறு மத்ன் மேற்கோள்களைத் தருவதில் எனக்குத் தயக்கமில்லை. முழு நூலையும் கோப்பாக இணைக்க மாட்டேன்.

இடையே ஒன்றைச் சொல்லலாம். இந்தத் துறைக்கு இதெல்லாம் புதிதும் அல்ல. இடைக்காலப் பிரதிகளின் ஓரங்களிலும் முடிவிலும் உள்ள ஸமாஉச் (நூலை வாசிக்கக் கேட்டதற்கான) சான்றுகள், யார் முன்னிலையில், எந்த ஊரில், எந்த நாளில் நூல் வாசிக்கப்பட்டது, யார் யார் கேட்டார்கள் என்று பதிவு செய்தன; ஒரு பகுதிக்கு வராதவரின் பெயரையும் குறித்தவை உண்டு.

நேர்காணல்களில்தான் நான் கண்டிப்பாக இருப்பேன். ஆலிம்கள் பேசச் சம்மதித்தது உங்களிடம். பதிவைப் பொதுவில் வைப்பதற்கும் அவர்கள் சம்மதித்தார்களா என்று ஒப்புதல் படிவத்தைப் பாருங்கள். இல்லையென்றால் ஒலிப்பதிவை எந்தத் திறந்த களஞ்சியத்திலும் வைக்கக் கூடாது. பெயரை நீக்குவதும் போதாது: ஒரு தரீக்காவின் (சூஃபி நெறியின்) பெயரும் அவர் ஓதிய மத்ரஸாவும் அவரது வயதும் சேர்ந்தால் உள்ளூரில் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சமய நம்பிக்கையைத் தனிக் காப்பு தேவைப்படும் வகையிலேயே வைத்திருக்கிறது. மறுபடி ஒப்புதல் பெற முடிந்தால், அடையாளம் நீக்கிய எழுத்துப்படியை, விண்ணப்பித்தவருக்கு மட்டும் திறக்கும் முறை கொண்ட களஞ்சியத்தில் வைக்கலாம். சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் இயங்கும் பண்புசார் தரவுக் களஞ்சியம் அத்தகையது. முடியாவிட்டால் கேள்விப் பட்டியலையும் ஆட்களைத் தேர்ந்தெடுத்த முறையையும் மட்டும் பகிருங்கள். இதழ்கள் இதை ஏற்கும். காரணத்தைச் சொல்லாமல் விட்டால்தான் கேள்வி எழுப்பும்.

அட்டவணைக்கும் விளக்கக் கோப்புக்கும் ஜெனோடோ போதும். 2013இல் தொடங்கிய இதை செர்ன் ஆய்வு நிறுவனம் நடத்துகிறது, கட்டணம் இல்லை. ஒவ்வொரு திருத்தத்துக்கும் தனி டிஓஐ (நிலையான இணைய அடையாள எண்) கொடுப்பதோடு, எல்லாத் திருத்தங்களுக்கும் பொதுவான ஒரு டிஓஐயையும் தரும். கட்டுரையில் நீங்கள் பயன்படுத்திய திருத்தத்தின் டிஓஐயைக் குறிப்பிடுங்கள். எக்செல்லோடு சிஎஸ்வி என்ற எளிய எழுத்துக் கோப்பு வடிவத்தையும் யூனிகோடில் சேமித்து வையுங்கள். எக்செல்லில் நிறம் பூசிக் குறித்தவை சிஎஸ்வியில் காணாமல் போகும் என்பதால், நிறத்தின் பொருளைத் தனிப் பத்தியில் எழுதிவிட வேண்டும். கையெழுத்தைப் படிக்கவோ மொழிபெயர்க்கவோ தானியங்கிக் கருவியைப் பயன்படுத்தியிருந்தால், அதன் பெயர், பதிப்பு, அது தந்த திருத்தாத வெளியீடு ஆகிய மூன்றையும் வையுங்கள், ஏனெனில் அதே கருவி அடுத்த ஆண்டு வேறு விடை தரக்கூடும்.

அறிக்கையை இப்படி எழுதலாம்: ‘இக்கட்டுரைக்கு அடிப்படையான அறிவிப்புத் தொடர் அட்டவணை, தேடல் பதிவு, விளக்கக் கோப்பு ஆகியவை ஜெனோடோவில் இந்த டிஓஐயில் கிடைக்கும். பயன்படுத்திய பதிப்புகளின் விவரம் விளக்கக் கோப்பில் உள்ளது. கையெழுத்துப் பிரதிப் படங்களின் உரிமை உரிய நூலகத்துக்குரியது. அடுக்கு எண்ணைக் குறிப்பிட்டு அங்கே விண்ணப்பிக்கலாம். நேர்காணல் பதிவுகள், பங்கேற்றோரின் ஒப்புதல் எல்லை கருதிப் பகிரப்படவில்லை.’ ஜெனோடோவில் கோப்புகளை வெளியிடும் முன்பே டிஓஐயை ஒதுக்கி வைத்துக்கொள்ள வசதி இருப்பதால், அந்த எண்ணை அச்சுப்படி திருத்தும்போதே அறிக்கையில் சேர்த்துவிட்டு, கட்டுரை வெளியாகும் நாளில் கோப்புகளைத் திறந்துவிடலாம்.