கணுக்காலைப் பூட்டிவிட்டால் தண்ணீர்மலை ஏறலாமா?

கேள்வி: இடது கணுக்காலில் செயற்கை மூட்டு வைத்து நான்கு வருடம் ஆகிறது. காலை ஊன்றினாலே இப்போது வலி. மூட்டு எலும்பை விட்டுக் கழன்றுவிட்டதாம், அதை எடுத்துவிட்டு எலும்புகளை ஒன்றாக இணைத்துவிடலாம் என்கிறார் டாக்டர். கால் கட்டை மாதிரி ஆகிவிடுமா? மோட்டார் சைக்கிள் ஓட்டலாமா? தைப்பூசத்துக்குப் பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஏற முடியுமா? வயது 59.
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: கட்டை மாதிரி எல்லாம் ஆகாது. கணுக்கால் இனி மடங்காது, அது உண்மைதான், ஆனால் பாதத்தின் நடுவில் இருக்கும் சின்ன மூட்டுகள் கொஞ்சம் வளைந்து கொடுக்கும், அடிப்பாகம் படகு மாதிரி வளைந்த சப்பாத்து போட்டால் சமதரையில் நன்றாகவே நடப்பீர்கள்.

முதலில் ஒன்று கேளுங்கள்: மூட்டு ஏன் கழன்றது? உள்ளே கிருமி இருந்தால் கதையே வேறு. ரத்தப் பரிசோதனை செய்து, மூட்டிலிருந்து ஊசியால் நீர் எடுத்தும் பார்ப்பார்கள். கிருமி இருந்தால் பெரும்பாலும் இரண்டு ஆபரேஷன். முதலில் மூட்டை எடுத்து மருந்து கலந்த சிமெண்டை வைப்பார்கள், கிருமி அடங்கிய பிறகுதான் இணைப்பு.

செயற்கை மூட்டை எடுத்த இடத்தில் பெரிய பள்ளம் விழும். அப்படியே சேர்த்தால் கால் குட்டையாகிவிடும் என்பதால் இடுப்பெலும்பிலிருந்தோ தானமாகக் கிடைத்த எலும்பிலிருந்தோ எடுத்து நிரப்பி, பிளேட், ஸ்க்ரூ போட்டு இறுக்குவார்கள், அல்லது குதிகால் வழியாக ஒரு கம்பியை மேலே ஏற்றுவார்கள். கம்பி என்றால் கணுக்காலுக்குக் கீழே உள்ள மூட்டும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும், மேடுபள்ளத்தில் பாதம் பக்கவாட்டில் சாயாது. உங்களுக்கு எது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு மூன்று மாதம் காலை ஊன்றவே கூடாது, எலும்பு முழுதாக ஒட்ட அதற்கு மேலும் ஆகும். சிகரெட் பிடிப்பீர்களா? எழுதவில்லை, நானே கேட்கிறேன். பிடித்தால் இன்றே விடுங்கள், எலும்பு ஒட்டாமல் போக அது பெரிய காரணம். இனிப்பு நீரும் (சர்க்கரை நோய்) கட்டுக்குள் இருக்க வேண்டும்.

மோட்டார்தான் சிக்கல். கப்சாய் என்கிற சின்ன மோட்டார் சைக்கிளில் கியர் இடது காலில், கணுக்காலை அசைக்காமல் முழங்காலிலிருந்து காலையே தூக்கித் தூக்கி மிதிக்க வேண்டும். ஆட்டோ கார் என்றால் இடது காலுக்கு வேலையே இல்லை.

தண்ணீர்மலை 513 படி. ஏறுவதை விட இறங்குவதுதான் கஷ்டம். கணுக்கால் மடங்காததால் பக்கவாட்டில் திரும்பி, கைப்பிடிக் கம்பியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்க வேண்டும். அந்த வளைந்த சப்பாத்தையும் கீழேயே கழற்றிவிட வேண்டியிருக்கும் இல்லையா, அதனால் எலும்பு ஒட்டியது ஸ்கேனில் தெரிந்த பிறகு, கூட்டமில்லாத ஒரு நாளில் வெறுங்காலோடு இருபது முப்பது படி ஏறி இறங்கிப் பாருங்கள். காவடி பற்றி அதற்கப்புறம் பேசுவோம்.