பேடு மாற்றினால் பிளீடிங் அவசியமா?

கேள்வி: காரின் முன்சக்கர பிரேக் பேடுகளை நானே மாற்ற நினைக்கிறேன். மாற்றியபின் கட்டாயம் பிளீடிங் செய்ய வேண்டும் என்கிறார் நண்பர். உண்மையா?

பதில்: கட்டாயமில்லை. குழாய்களுக்குள் புகுந்த காற்றை வெளியேற்றுவதுதான் பிளீடிங். பேடு மாற்றும்போது பிரேக் ஆயில் செல்லும் பாதையை எங்கும் திறப்பதில்லை. பேடுகளை அழுத்திப் பிடிக்கும் காலிப்பரைக் கழற்றி, அதிலுள்ள பிஸ்டனை உள்ளே தள்ளி, புதுப் பேடுகளைப் பொருத்துகிறோம். திறக்காத பாதையில் காற்று எப்படி நுழையும்?

பிஸ்டனைத் தள்ளும்போது ஆயில் பின்வாங்கி, பானெட்டுக்குக் கீழே உள்ள டப்பாவில் ஏறும். தேய்ந்த பேடுகளோடு ஓடிய காலத்தில் யாராவது ஆயிலை நிரப்பியிருந்தால் வழிந்துவிடும். பட்ட இடத்தில் பெயின்ட் போய்விடும். அளவைப் பார்த்துக்கொண்டே மெல்லத் தள்ளுங்கள். காலிப்பரை அதன் ஆயில் குழாயான ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டிவையுங்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றுவது கூடாது. இரு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

வேலை முடிந்து முதல்முறை மிதிக்கும்போது பெடல் தரைவரை போகும். பலர் இங்கேதான் பதறிப்போய், காற்று புகுந்துவிட்டது என்று முடிவு கட்டுகிறார்கள். உள்ளே போன பிஸ்டன் இன்னும் பேடைத் தொடவில்லை, அவ்வளவுதான். பெடல் கெட்டியாகும்வரை பலமுறை மிதியுங்கள். அதற்கு முன் காரை ஓரடிகூட நகர்த்தாதீர்கள், பிரேக் பிடிக்காது.

அதன் பிறகும் பெடல் பஞ்சுபோல் அமுங்கி, விட்டுவிட்டு மிதித்தால் மட்டும் மேலேறினால், காற்று இருக்கிறது, பிளீடிங் தேவை. ஒரே அழுத்தத்தில் வைத்திருக்கும்போது மெல்லக் கீழே இறங்கினால், கசிவோ, பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கடத்தும் மாஸ்டர் சிலிண்டரில் பழுதோ இருக்கலாம், பிளீடிங்கால் தீராது. காரை ஓட்டாமல் மெக்கானிக்கை வரவழையுங்கள்.

ஹோஸைக் கழற்றினாலும், காலிப்பரையே மாற்றினாலும், டப்பாவில் ஆயில் வற்றினாலும் பிளீடிங் செய்தே ஆக வேண்டும். ஆயிலின் வயதும் ஒரு காரணம். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சக்கூடியது. டாட் 4 வகையின் கொதிநிலை புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும்; ஈரம் ஏறிய நிலையில் தரவிதி கேட்கும் குறைந்த அளவே 155 டிகிரிதான். நீண்ட மலை இறக்கத்தில் பிரேக் சூடேறி, ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் கைவிட்டுவிடும். அதனால்தான் பல தயாரிப்பாளர்கள் 2 ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றச் சொல்கிறார்கள். பழைய ஆயிலை வெளியேற்றுவதும் பிளீடிங் வழியாகத்தான். உங்களுக்கு அந்தக் கெடு நெருங்கியிருந்தால் நண்பர் சொல்வதைக் கேளுங்கள். சக்கரம் கழன்றிருக்கும்போதே அதையும் முடித்துவிடலாம். டப்பா மூடியில் குறித்துள்ள வகையையே ஊற்றுங்கள். சிலிகான் கலந்த டாட் 5ஐ மற்றவற்றோடு கலக்கவே கூடாது.