நாயோடு மேடை ஏறுவது: நீங்கள் கேட்டதும் நான் சொல்வதும்

இங்கிலாந்தில் லெஸ்டருக்குப் பக்கத்தில் இருக்கிறேன். 12 வருடமாக என் சனி, ஞாயிறு எல்லாம் நாயோடு பாட்டுக்கு ஆடுவதில்தான் போகிறது. முதலில் ஆடியவன் சுக்கு, இப்போது இல்லை. இப்போது ஆடுபவள் மிளகு, ஆறு வயது, பார்டர் கோலியும் ஸ்பேனியலும் கலந்தவள். போட்டிகளுக்கும் போயிருக்கிறேன், பெரிதாக ஒன்றும் ஜெயித்ததில்லை. ஊர்த் திருவிழா, பள்ளி விழா, முதியோர் இல்லம் என்று சும்மா வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் முன்னால் ஆடியதுதான் அதிகம். கேள்விகள் நிறைய வந்துவிட்டன, ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அக்கா, நாய்க்கு நிஜமாகவே தாளம் புரிகிறதா? வீடியோவில் பார்த்தால் அச்சு அசலாகத் தாளத்துக்கு ஆடுகிற மாதிரியே இருக்கிறது.

புரியாது. சொன்னால் சிலருக்கு வருத்தமாக இருக்கும், ஆனால் அதுதான் உண்மை. தாளத்தோடு தானாகவே சேர்ந்து ஆடும் என்று 2009இல் ஆய்வில் காட்டியது ஸ்னோபால் என்கிற ஒரு காக்கட்டூ கிளி. நாய் நம் கையையும் தோளையும் காலையும் பார்த்து ஆடுகிறது, பாட்டைக் கேட்டு ஆடுவது நாம்.

அதனால் பாட்டைத் தேடுவதற்கு முன்னால் நாயின் அடியை எண்ண வேண்டும். அது இயல்பாகத் துள்ளுநடை போகும்போது அரை நிமிடம் வீடியோ எடுத்து, ஒரு முன்கால் எத்தனை தடவை தரையில் படுகிறது என்று மட்டும் எண்ணி, இரண்டால் பெருக்குங்கள். மிளகுக்கு நிமிடத்துக்கு 124 வந்தது. அந்த வேகத்துக்குக் கிட்டத்தட்ட இருக்கிற பாட்டை எடுத்தால் அவள் சும்மா நடந்தாலே நடனம் மாதிரித் தெரியும். எனக்குப் பிடித்த பாட்டு என்று மெதுவான ஒன்றை வைத்து சுக்குவைப் பாடாய்ப் படுத்தியிருக்கிறேன். பாவம், ஒவ்வோர் அடிக்கும் பிரேக் போட்டுக்கொண்டே நடப்பான்.

கேள்வி: ஹீல்வொர்க் என்கிறார்கள், ஃப்ரீஸ்டைல் என்கிறார்கள். இரண்டும் ஒன்றா?

இங்கே நாய்ப் போட்டிகளுக்கு விதி போடுகிற கெனல் கிளப் அமைப்பின்படி இரண்டும் தனித்தனிப் பிரிவு. ஹீல்வொர்க்கில் ஆட்டத்தின் மூன்றில் இரண்டு பங்காவது நாய் நம் உடம்பை ஒட்டியே நடக்க வேண்டும், இடது, வலது, முன்னால், பின்னால், பக்கவாட்டில் என்று. ஃப்ரீஸ்டைலில் அந்த ஒட்டு நடை மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. மிச்சமெல்லாம் சுற்றுவது, உருளுவது, தூரத்தில் நின்று செய்வது, உங்கள் கற்பனை. மதிப்பெண் 30: ஆட்டத்தில் என்ன இருக்கிறது என்பதற்குப் பத்து, எவ்வளவு சுத்தமாகச் செய்தீர்கள் என்பதற்குப் பத்து, பாட்டோடு எவ்வளவு ஒட்டியது என்பதற்குப் பத்து.

வரலாறு கேட்டவருக்கும் இதிலேயே சொல்லிவிடுகிறேன். 1989ஐ ஒட்டி கனடா, அமெரிக்கா, இங்கிலாந்து, நெதர்லாந்து என்று அங்கங்கே கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் முளைத்த விளையாட்டு இது. முதல் அமைப்பு 1991இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் தொடங்கியது. இங்கே மேரி ரே 1992இல் க்ரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில் ஆடிக் காட்டினார், அதற்குப் பிறகுதான் ஊரே பேசியது. அட்டிலா ஸ்குகாலெக் என்பவர் ஃப்ளை என்கிற கோலியோடு சார்லி சாப்ளின் வேடத்தில் ஆடியதைத் தேடிப் பாருங்கள். ஒரு நாயால் கூட்டத்தைச் சிரிக்க வைக்க முடியும் என்று நான் கற்றுக்கொண்டது அதில்தான்.

கேள்வி: சென்னையிலிருந்து கேட்கிறேன். எங்களுடையது தெருவில் எடுத்து வளர்த்த நாட்டு நாய், மூன்று வயது. கோலி மாதிரி ஜாதி நாய்க்குத்தானே இதெல்லாம் வரும்?

யார் சொன்னது? க்ரஃப்ட்ஸிலேயே இந்தப் போட்டியில் கலப்பு நாய்கள் ஆடலாம். 2012இல் பிரிட்டன்ஸ் காட் டேலன்ட் என்கிற தொலைக்காட்சிப் போட்டியை ஜெயித்த ஆஷ்லியின் நாய் பட்ஸியும் கலப்புதான். கோலிக்கு ஒரு வசதி, திரும்பத் திரும்பச் செய்யச் சொன்னாலும் அலுக்காது. நாட்டு நாய் ஐந்தாவது தடவை உங்களை ஒரு பார்வை பார்க்கும், "முதல் தடவையே செய்தேனே, பார்க்கவில்லையா" என்கிற பார்வை. அதனால் மூன்று தடவை, ஒரு துண்டுக் கறி, முடிந்தது, அப்புறம் சாயங்காலம் பார்க்கலாம் என்று வையுங்கள். சென்னை வெயிலுக்குக் காலை ஆறு மணிக்குள் பயிற்சியை முடித்துவிடுங்கள். மொட்டை மாடித் தளத்தில் புறங்கையை வைத்துப் பாருங்கள், ஐந்து விநாடி தாங்க முடியவில்லை என்றால் அதற்கும் பாதம் சுடும்.

கேள்வி: கால்களுக்கு நடுவில் நுழைந்து நுழைந்து வருகிறதே, அதை எப்படிச் சொல்லிக் கொடுப்பது? என் லாப்ரடார் நடுவில் மாட்டிக்கொண்டு என்னையே தள்ளிவிடுகிறான்.

சிரிக்காமல் படிக்க முடியவில்லை, மன்னிக்கவும். நடந்துகொண்டே ஆரம்பித்ததுதான் தப்பு. முதலில் நில்லுங்கள். நாய் உங்கள் இடது பக்கம். வலது காலை ஒரு பெரிய எட்டு முன்னால் வைத்து, முழங்காலைக் கொஞ்சம் மடக்கினால் ஒரு வாசல் கிடைக்கும். வலது கையில் தீனியை வைத்துக்கொண்டு, வலது காலுக்கு வெளிப்பக்கத்திலிருந்து அந்த வாசலுக்குள் கையை நீட்டுங்கள். நாய் மூக்கை விட்டு வரும், கையை மெல்ல வெளியே இழுங்கள், அது முழுசாக வலது பக்கம் வந்து சேர்ந்ததும் தீனி. அவ்வளவுதான். அன்றைக்கு இது மட்டும் போதும். மறுநாள் இடது கால், இடது கை, வலதிலிருந்து இடதுக்கு.

இரண்டும் தனித்தனியாகச் சரளமான பிறகு கையிலிருந்து தீனியை எடுத்துவிட்டு வெறும் கையைக் காட்டுங்கள். செய்து முடித்ததும் பையிலிருந்து கொடுங்கள். இந்தப் படியைத் தாண்டாமல் விட்டவர்களின் நாய்கள்தான் மேடையில் வெறும் கையைப் பார்த்ததும் கடை மூடிவிட்டது என்று போய்விடும். அடுத்து கையையும் குறைத்துக்கொண்டே வந்தால், கடைசியில் நீங்கள் எட்டு வைப்பதே அதற்குச் சைகையாகிவிடும். லாப்ரடார் உயரத்துக்கு நீங்கள் குட்டையாக இருந்தால் இந்த வித்தையை விட்டுவிடுங்கள், உங்களைச் சுற்றி ஓட வைத்தாலே அழகாகத்தான் இருக்கும்.

கேள்வி: ஒரு வருடமாக வீட்டில் ஆடுகிறோம். அடுத்த மாதம் குடியிருப்பு விழாவில் முதல் முறையாக ஆடப் போகிறோம். எதில் கவனமாக இருக்க வேண்டும்?

ஒரு கதை சொல்கிறேன். சுக்குவோடு என் மூன்றாவதோ நான்காவதோ நிகழ்ச்சி, ஒரு கிராமத்துக் கோடைத் திருவிழா. புல்வெளியில் கயிறு கட்டி வட்டம் போட்டிருந்தார்கள். ஒலிபெருக்கிக்காரர் என் பாட்டுக்குப் பதிலாக எனக்கு முன்னால் ஆடிய பிள்ளைகளின் பாட்டையே போட்டுவிட்டார். சரி, சமாளிக்கலாம் என்று ஆட ஆரம்பித்தேன், சுக்குவும் ஆடினான். பாதியில் கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு குழந்தையின் பலூன் வெடித்தது. சுக்கு நின்றான். வால் கீழே போனது, காது பின்னால் ஒட்டிக்கொண்டது, நாக்கால் உதட்டை ஒருமுறை நக்கினான். என்னைப் பார்த்தான், அப்புறம் எங்கள் கார் நின்ற பக்கம் பார்த்தான்.

நான் அப்போது செய்தது இப்போது நினைத்தாலும் வெட்கம். கூட்டம் பார்க்கிறதே என்று அவனைச் செல்லமாகக் கூப்பிட்டு மிச்ச ஆட்டத்தை முடிக்க வைத்தேன். கைதட்டினார்கள். அதற்குப் பிறகு ஏழு மாதம், கயிறு கட்டிய இடத்தைப் பார்த்தாலே அவன் கால் நகராது.

அதனால் என் பட்டியலில் முதல் வேலை, ஆட்டத்தில் மூன்று இடத்தில் வெளியேறும் வழி வைப்பது. எங்கள் ஆட்டம் இரண்டரை நிமிடம். நாற்பதாவது விநாடியிலும், ஒன்றரை நிமிடத்திலும், கடைசியிலும் ஒரு வணக்கம் இருக்கிறது. மிளகு முகம் சரியில்லை என்றால் அடுத்த வணக்கத்தில் குனிந்து, கை அசைத்து, கிளம்பிவிடுவோம். பார்ப்பவர்களுக்கு அதுதான் முடிவு என்று தோன்றும், ஒரு குறையும் தெரியாது.

தரையைப் போய்ப் பாருங்கள். பளபளக்கிற டைல்ஸ், மார்பிள் என்றால் வேண்டவே வேண்டாம், இல்லாவிட்டால் அடியில் ரப்பர் உள்ள விரிப்பைப் போடச் சொல்லுங்கள். வழுக்கினால் ஒரு தடவையில் முழங்கால் போய்விடும். ஒலிபெருக்கிக்கு எதிர்ப்பக்கம் நின்று ஆடுங்கள், நாயின் காதுக்கு நமக்குக் கேட்பதைவிட எவ்வளவோ அதிகம் கேட்கும். அப்புறம் கைதட்டல். இதை யாரும் பயிற்சியில் சேர்ப்பதில்லை. வீட்டில் நாலு பேரை உட்கார வைத்து மெல்லத் தட்டச் சொல்லி, ஒவ்வொரு தட்டலுக்கும் கறித்துண்டு கொடுங்கள், மெதுவாகச் சத்தத்தைக் கூட்டுங்கள். மிளகுக்கு இப்போது கைதட்டல் என்றால் சாப்பாட்டு மணி.

பஜ்ஜிக் கடை எந்தப் பக்கம் என்பதையும் பார்த்து வையுங்கள். கேலி இல்லை, அனுபவம்.

கேள்வி: நடுவில் நமக்கே மறந்துவிட்டால்?

வட்டமாக நடங்கள், சிரித்துக்கொண்டே. என்ன வரப் போகிறது என்று யாருக்குத் தெரியும்? உங்கள் நாய்க்கு மட்டும் தெரியும், அது யாரிடமும் சொல்லாது.

கேள்வி: கோபித்துக்கொள்ள வேண்டாம். பின்னங்காலில் நடக்க வைப்பது, பாவாடை கட்டிவிடுவது எல்லாம் கொடுமை இல்லையா? சர்க்கஸுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

கோபம் இல்லை, கேட்க வேண்டிய கேள்விதான். பின்னங்காலில் நெடுநேரம் நடக்க வைப்பது எனக்குப் பிடிக்காது. கலைநயமாகவும் தோன்றியதில்லை. இடுப்பும் முதுகும் அதற்காக அமையவில்லை. டாக்ஸ்ஹுண்ட் மாதிரி நீள முதுகு நாய்களுக்கு நிச்சயம் கூடாது. எலும்பு வளர்ந்து முடியாத குட்டிக்கும் கூடாது, குதிப்பதும் அப்படித்தான். பெரிய ஜாதி என்றால் ஒன்றரை வயதாவது ஆகட்டும். உடை என் மேல் மட்டும்தான், மிளகுக்கு ஒரு கழுத்துப்பட்டை. கொடுமையா இல்லையா என்று பார்க்க என்னிடம் ஒரே வழிதான் இருக்கிறது: கயிறு இல்லாமல், கையில் தீனி இல்லாமல், கதவைத் திறந்து வைத்துவிட்டுப் பாட்டைப் போடுவேன். வந்தால் ஆடுவோம். சில நாள் வரமாட்டாள், சோபாவில் புரண்டு படுப்பாள். அன்றைக்கு விடுமுறை.

கேள்வி: 2015இல் பிரிட்டன்ஸ் காட் டேலன்ட் ஜெயித்த மட்டீஸ் என்கிற நாய் விஷயத்தில் நாயை மாற்றி ஏமாற்றினார்கள் என்கிறார்களே?

இறுதிச்சுற்றில் கயிற்றின் மேல் நடந்தது மட்டீஸ் இல்லை, சேஸ் என்கிற இன்னொரு நாய். அதைப் பார்வையாளர்களுக்குச் சொல்லவில்லை. ஓட்டுப் போட்டவர்களுக்குத் தொலைக்காட்சி பணத்தைத் திருப்பித் தர வேண்டி வந்தது, கண்காணிப்பு அமைப்பான ஆஃப்காமும் பார்வையாளர்கள் தவறாக வழிநடத்தப்பட்டார்கள் என்றது. வேறு நாயைப் பயன்படுத்தியதில் எனக்குக் குறை இல்லை, உயரத்துக்குப் பயப்படுகிற நாயை ஏற்றாமல் விடுவது நல்லதுதான். வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தாலும் ஜெயித்திருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

கேள்வி: அனுமதி ஏதாவது வாங்க வேண்டுமா? பணம் கொடுத்துக் கூப்பிடுகிறார்கள்.

இங்கிலாந்தில் தொழிலாகச் செய்தால் 2018 விதிகளின்படி உள்ளூர் கவுன்சிலில் உரிமம் வாங்க வேண்டும், மூன்று வருடத்துக்குச் செல்லும். நான் சும்மா போகிறவள், பெட்ரோல் காசு கூடக் கேட்பதில்லை. ஆனாலும் யாராவது நாய் தடுக்கி விழுந்தால் என்ன செய்வது என்று பொதுப் பொறுப்புக் காப்பீடு எடுத்து வைத்திருக்கிறேன். இந்தியாவில் இருப்பவர்கள் காட்சி விலங்குகள் பதிவு விதிகள், 2001 என்று ஒன்று இருப்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். பொதுமக்களை அனுமதிக்கிற கேளிக்கை நிகழ்ச்சியில் விலங்கைப் பயன்படுத்தினால் விலங்குகள் நல வாரியத்தில் பதிய வேண்டும். உங்கள் நிகழ்ச்சி அதில் வருமா என்று பணத்தைக் கையில் வாங்கும் முன் கேட்டுவிடுங்கள், வாங்கிய பிறகு கேட்டால் பதில் உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம்.

கேள்வி: சுக்கு, மிளகு ஆயிற்று. திப்பிலி எப்போது?

இதை மட்டும் பதினோரு பேர் கேட்டிருக்கிறீர்கள். மிளகு ஓய்வு பெறட்டும். அதற்குள் வந்தால் வீட்டுக்காரர் எங்கள் இருவரையும் காரிலேயே படுக்கச் சொல்லிவிடுவார்.